மேல்காற்றுக்காகக் கட்டிய கூடங்கள்

மதுவை முதிர வைப்பதற்கு மண்ணுக்கடியில் குடைந்த நிலவறையே ஏற்ற இடம் என்பது ஐரோப்பியத் திராட்சை மது மரபின் பொதுவான நம்பிக்கை. பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்திலுள்ள சுண்ணக்கல் சுரங்கங்களும், ஹங்கேரியின் தொகாய் மலைச்சரிவுகளில் பாறையைக் குடைந்து அமைத்த இருண்ட பாதைகளும் அந்த நம்பிக்கையின் புகழ்பெற்ற சான்றுகள். தென் ஸ்பெயினில், அந்தலூசியாவின் காதிஸ் மாகாணத்திலுள்ள ஹெரேஸ் தெ லா ஃப்ரொந்தேரா நகரம் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தது. ஷெர்ரி என்று உலகம் அறிந்த மது அங்கே நிலத்துக்கு மேலே, கோயில் மண்டபங்களைப் போல் உயர்ந்த கூடங்களில், காற்றோட்டத்தின் நடுவே வளர்கிறது. 'பொதேகா' எனப்படும் இக்கூடங்களைச் சுற்றிப் பார்க்க வருவோரில் பலர், முடிவில் சுவைக்கக் கிடைக்கும் நான்கைந்து கிண்ணங்களை எண்ணியே உள்ளே நுழைகிறார்கள்; அக்கிண்ணங்களில் இருக்கும் சுவையில் திராட்சையின் பங்கைவிடக் கட்டடத்தின் பங்கே பெரிது என்பதால், சுவைத்தலுக்கு முந்தைய ஒரு மணி நேர நடை வெறும் காத்திருப்பு அன்று, சுவைத்தலின் முதற்பாதி.

ஷெர்ரி என்பது வெள்ளைத் திராட்சைச் சாற்றை நொதிக்க வைத்து, நொதித்தல் முடிந்தபின் திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தைச் சிறிதளவு சேர்த்துச் செறிவூட்டி, மரப் பீப்பாய்களில் நெடுங்காலம் வைத்திருந்து எடுக்கும் மது. ஹெரேஸ், கடலோர ஊர்களான சான்லூக்கார் தெ பர்ரமேதா, எல் புவெர்தோ தெ சான்தா மரியா ஆகிய மூன்றும் சேர்ந்த முக்கோணமே மரபாக இதன் முதிர்வு நிலம். கொடிகள் வளரும் 'அல்பரீஸா' எனும் வெண்ணிற மண்ணில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. குளிர்கால மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, வெயில் ஏறியதும் மேற்பரப்பில் ஓடுபோல் இறுகி, உள்ளே ஈரம் காயாமல் காக்கும் இயல்பு அதற்கு உண்டு. அறுவடைக்குப்பின் கொடிவரிசைகளுக்கிடையே சிறு பாத்திகளை வெட்டி மழைநீரை நிறுத்தி வைக்கும் வழக்கமும் இம்மண்ணை நம்பியதே. பயிராகும் திராட்சையில் மிகப் பெரும்பங்கு 'பலோமினோ' வகை. அதிலிருந்து வரும் இளம் மது மென்மையானது, குற்றம் சொல்ல ஒன்றுமில்லாதது, நினைவில் நிற்கவும் ஒன்றுமில்லாதது. பிற மது வட்டாரங்கள் திராட்சையின் குணத்தைக் காப்பாற்றுவதையே கலையாகக் கொண்டிருக்க, ஹெரேஸ் வேண்டுமென்றே வெற்றுப் பலகை போன்றதொரு மதுவை எடுத்துக்கொண்டு, தன் எழுத்தையெல்லாம் அதன்மேல் பின்னரே எழுதுகிறது.

அந்தப் பின்னர் என்பதற்குச் சட்டம் நெடுநாள் இடம் தரவில்லை. 1733இல் விதிமுறைகள் வகுத்துக்கொண்ட மதுத்தொழில் சங்கம், திராட்சை விளைவிப்போரின் நலத்தை முன்னிறுத்தி, வணிகர்கள் மதுவைப் பெருமளவில் தேக்கி வைப்பதைத் தடுத்து வந்தது. தேக்கம் விலையை வணிகர் கைக்கு மாற்றிவிடும் என்னும் அச்சம் நியாயமானதே. ஆயினும் தேக்க முடியாத இடத்தில் முதிர்ச்சிக்கும் வழியில்லை; எனவே அக்காலத்து ஷெர்ரியில் பெரும்பகுதி அவ்வாண்டு விளைந்து, அவ்வாண்டே சாராயம் ஏற்றப்பட்டு, இங்கிலாந்துக்குக் கப்பலேறிய மதுவாகவே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வணிகர்கள் இக்கட்டுப்பாட்டை எதிர்த்து வழக்காடத் தொடங்கினர். 1834இல் சங்கம் கலைக்கப்பட்டது. இன்று பயணிகள் அண்ணாந்து பார்க்கும் பெருங்கூடங்களில் மிகப் பல, இதை ஒட்டிய பத்தாண்டுகளில் எழுந்தவை. ஹெரேஸின் ஷெர்ரி நிறுவனமான கொன்ஸாலெஸ் பியாஸின் தோற்றம் 1835இல் என்பது இப்பின்னணியில் தற்செயலாகத் தோன்றாது. பழமை மணக்கும் ஹெரேஸின் மரபு, ஆக, ஒரு தடை நீங்கியதன் விளைவு. விளைவிப்போர் அன்று இழந்ததன் மேல்தான் சுவைஞர் இன்று கொண்டாடும் அனைத்தும் நிற்கின்றன என்பதை வழிகாட்டிகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

கூடத்தின் அமைப்பு ஒவ்வொரு அங்குலத்திலும் காரணத்தோடு கூடியது. ஹெரேஸில் இரு காற்றுகள் ஆட்சி செய்கின்றன: அட்லாண்டிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் மேல்காற்றாகிய 'பொனியெந்தே', கிழக்கிலிருந்து உள்நாட்டு வெப்பத்தோடு வறண்டு வீசும் 'லெவான்தே'. முன்னதை உள்ளே விடவும் பின்னதை வெளியே நிறுத்தவும் ஏற்றவாறே கூடங்களின் திசை குறிக்கப்படுகிறது. சுவர்கள் அரை மீட்டருக்கும் மேல் தடித்தவை, சுண்ணாம்பு பூசியவை, சாளரங்கள் சிறியவை, ஆள் எட்டாத உயரத்தில் கூரையை ஒட்டி வரிசையாக அமைந்தவை, அவற்றின்மேல் எஸ்பார்தோ என்னும் முரட்டுப் புல்லால் பின்னிய தட்டிகள் தொங்குகின்றன. ஒளியை மறித்துக் காற்றை விடும் இத்தட்டிகளால் உள்ளே எப்போதும் மாலை நேரத்து மங்கல் நிலவுகிறது. கூரையின் உயரம் ஆடம்பரத்திற்காக அன்று: சூடான காற்று மேலேறித் தலைக்குமேல் தங்கிவிட, பீப்பாய்கள் அடுக்கிய கீழ்ப்பகுதி குளிர்ந்தே இருக்கும், மேலும் பீப்பாய்க்குள் உயிர்வாழும் ஒன்றுக்கு மூச்சுவிட ஏராளமான காற்று வேண்டும். தரையில் கல் பாவுவதில்லை. 'அல்பேரோ' எனும் மஞ்சள் மண்ணைக் கொட்டி நிரவியிருப்பார்கள். கோடையில் அதன்மேல் நீர் தெளித்தால், ஈரம் மெல்ல ஆவியாகிக் கூடத்தைக் குளிர்விப்பதோடு மரம் உலர்ந்து விரிசல் விடாமலும் காக்கும்.

இம்மரபைச் சிமெண்டு யுகத்திலும் பின்பற்றிய கட்டடம் ஒன்று உண்டு. தொமெக் குடும்ப நிறுவனம் 1974இல் எழுப்பிய 'லா மெஸ்கித்தா' என்னும் கூடம், கொர்தொபா நகரின் பெரிய மசூதியைப் போல வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து செல்லும் தோற்றமுடையது. புகைப்படத்திற்கு இதைவிட எடுப்பான பொதேகா இல்லை. ஆயினும் பழைய கூடங்களின் வளைவுகள் காற்றுக்கும் எடைக்கும் கட்டுப்பட்டுப் பிறந்தவை என்பதையும், இவ்வளவு பெரிய கூடம் ஷெர்ரியின் விற்பனை உச்சத்தில் இருந்த நம்பிக்கையில் பிறந்தது என்பதையும் நினைவில் வைத்துப் பார்ப்பது நல்லது.

கூடத்தில் நிற்கும் பீப்பாய்கள் அமெரிக்க ஓக் மரத்தாலானவை; காதிஸ் துறைமுகம் அமெரிக்க வாணிபத்தின் வாயிலாக இருந்த காலத்துத் தொடர்பு அது. ஏறத்தாழ 600 லிட்டர் கொள்ளும் இவற்றுக்கு மங்கலான கருவண்ணம் பூசுவார்கள். கசிவு ஏற்பட்டால் கருமையின்மேல் உடனே தெரியும். மதுத்தொழிலில் மற்றெங்கும் புதுமரத்தின் வாசனைக்காகப் பீப்பாய் வாங்குவார்கள். இங்கோ மரத்தின் வாசனை முற்றிலும் அடங்கிய பிறகே பீப்பாய்க்கு மதிப்பு. அதை முழுவதும் நிரப்புவதும் இல்லை: இரண்டு கைமுட்டிகளின் உயரத்துக்கு இடம் விட்டு, 500 லிட்டர் அளவில் நிறுத்திவிடுவார்கள். இந்த வெற்றிடத்தில்தான் ஷெர்ரியின் தலைவிதி எழுதப்படுகிறது.

பல பொதேகாக்களில் ஒரு பீப்பாயின் முன்வட்டத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி பதித்து, பின்னால் விளக்கு வைத்துக் காட்டுகிறார்கள். சுற்றுலாவில் மிகுதியாகக் கண் பதிக்க வேண்டிய இடம் இது. வைக்கோல் நிற மதுவின் மேற்பரப்பில் அழுக்கு வெண்மையான ஒரு படலம், ஓரங்களில் தடித்தும் நடுவில் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியும், கண்ணாடியோடு தொடும் இடத்தில் சற்றே ஏறியும் மிதக்கிறது; அதற்குக் கீழே சில இழைகள் அறுந்து மெல்ல அமிழ்ந்துகொண்டிருக்கின்றன; அடியில் இறந்த படலத்தின் பழுப்பு வண்டல். அழகானது என்று சொல்ல முடியாத இக்காட்சிக்கு 'ஃப்ளோர்' என்று பெயர். சர்க்கரை தீர்ந்த பிறகு பொதுவாக மடிந்துபோகும் ஈஸ்ட் நுண்ணுயிர்களில், மதுவின் மேல் மிதந்து காற்றிலுள்ள ஆக்சிஜனையும் மதுவிலுள்ள ஆல்கஹாலையும் உண்டு வாழக் கற்ற வகைகளின் கூட்டமே இது. படலம் போர்வையாக மூடியிருக்கும்வரை காற்று மதுவைத் தீண்டாது. அதனால் ஆண்டுகள் கடந்தும் நிறம் வெளிறியே இருக்கும். ஃப்ளோர் சும்மா மூடிக்கொண்டு கிடப்பதும் இல்லை. மதுவுக்கு வழவழப்பைத் தரும் கிளிசராலைத் தின்று தீர்த்து அதை எலும்பும் நரம்புமாக மெலிய வைக்கிறது. அசிட்டால்டிஹைடு என்னும் சேர்மத்தை வெளியிட்டுப் பச்சை ஆப்பிளும் பிசைந்த மாவும் வாதுமையும் கலந்தாற்போன்ற காரமணத்தை ஏற்றுகிறது.

இவ்வுயிர் மிகவும் நொய்ந்தது. மதுவின் ஆல்கஹால் அளவு 15 சதவீதத்தை ஒட்டியிருந்தால் வாழும். 17 சதவீதம் தாண்டினால் மடியும். வெப்பம் மிகுந்தாலும் ஈரம் குறைந்தாலும் மெலியும். ஹெரேஸில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் தடித்து, கோடையிலும் குளிரிலும் இளைத்துவிடும் ஃப்ளோர், கடற்காற்று நேரே பாயும் சான்லூக்காரில் ஆண்டு முழுதும் தடித்தே இருக்கிறது. சான்லூக்காரில் முதிரும் வெளிர்மது 'மன்ஸானியா' எனத் தனிப்பெயர் பெற்று, ஹெரேஸின் 'ஃபீனோ'வினும் மென்மையாகவும் உப்புக்காற்றின் சாயலோடும் இருப்பதற்கு ஒரே திராட்சை, ஒரே மண், ஒரே முறை இருந்தும் இருபது கிலோமீட்டர் சொச்சத் தொலைவும் ஓர் ஆற்றுமுகமும் காரணமாகின்றன. கட்டடங்கள் ஏன் அவ்வாறு கட்டப்பட்டன என்னும் கேள்விக்கு இப்படலமே விடை: தட்டிகளும் மண்தரையும் உயர்ந்த கூரையும் இந்த வெண்ணிற ஆடையைக் கோடையிலும் உயிரோடு வைத்திருப்பதற்கான ஏற்பாடுகள்.

எல்லாப் பீப்பாய்களும் இவ்வழியில் செல்வதில்லை. அவ்வாண்டின் மது தெளிந்ததும், 'கபதாஸ்' எனப்படும் கூடத் தலைவர் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துப் பீப்பாயின் முகப்பில் சுண்ணக்கட்டியால் குறியிடுவார். மெல்லிய, தூய மணமுள்ளதற்கு ஒரு சாய்கோடு. அது 15 சதவீதத்திற்குச் செறிவூட்டப்பட்டு ஃப்ளோரின் கீழ் ஃபீனோவாகும். உடல் கனத்ததற்கு ஒரு வட்டம். அது 17 சதவீதத்திற்கும் மேல் ஏற்றப்பட்டு, ஃப்ளோர் வளர வழியின்றி, காற்றோடு நேரடியாக உறவாடி, ஆண்டுக்காண்டு பழுப்பேறி 'ஒலொரோசோ'வாகும். ஃபீனோவாகத் தொடங்கிய மதுவில் ஃப்ளோர் காலப்போக்கில் மடிந்தாலோ, மடியும்படி விட்டாலோ, போர்வை விலகிய மது காற்றில் இரண்டாவது வாழ்வைத் தொடங்கி 'அமோந்தியாதோ'வாகிறது. சாய்கோடு இடப்பட்ட பீப்பாய் எதிர்பாராத கனத்தைக் காட்டினால் கபதாஸ் அக்கோட்டின் குறுக்கே இன்னொரு கோடு கிழித்துவிடுவார். அமோந்தியாதோவின் மணமும் ஒலொரோசோவின் உடலும் கூடிய 'பாலோ கொர்தாதோ' அவ்வாறு பிறந்தது. இன்று ஆய்வுக்கூடச் சோதனைகள் வந்து, சாறு பிழியும்போதே எது எதுவாகும் என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. பாலோ கொர்தாதோவை ஒரு விபத்தின் அற்புதமாக விவரிக்கும் சுற்றுலா மொழியை அதற்குரிய சந்தேகத்தோடு கேட்கலாம். அச்சந்தேகத்தால் மதுவின் சுவை குறைவதில்லை.

பீப்பாய்கள் மூன்று நான்கு அடுக்குகளாக நிற்பதைக் காட்டி வழிகாட்டிகள் விளக்கும் 'சொலேரா' முறை, கேட்க எளிதாகவும் எண்ணிப் பார்க்க வியப்பாகவும் இருப்பது. விற்பனைக்கான மது எப்போதும் தரையை ஒட்டிய அடுக்கிலிருந்தே எடுக்கப்படும். அவ்வடுக்குக்கே சொலேரா என்று பெயர். எடுத்த அளவு அதற்கு மேலடுக்கிலிருந்தும், அதன் குறைவு அதற்கும் மேலடுக்கிலிருந்தும் நிரப்பப்பட்டு, உச்சியடுக்கில் புதுமது சேரும். 'கிரியதேரா' எனப்படும் மேலடுக்குகளின் பொருள், பிள்ளைகளை வளர்க்கும் இடம் என்பதாகும். நேற்றைய தயிர் இன்றைய பாலைத் தன் வழிக்குக் கொண்டுவருவதுபோல், இங்கே பழைய மது வந்து சேரும் இளமதுவுக்கு உறை ஊற்றுகிறது. ஃப்ளோருக்குத் தேவையான சத்தும் இவ்வாறு இளமதுவோடு வந்துசேர்வதால், படலம் பட்டினி கிடந்து மடிவதில்லை. இடமாற்றம் கையால் செய்யப்படும் கூடங்களில் அதன் நுட்பம் கண்கொள்ளாதது: பீப்பாயின் வாயில் படகு வடிவப் புனலை வைத்து, அதிலிருந்து பக்கங்களில் துளையிட்ட வளைகுழாயை உள்ளே இறக்கி, மேலே மிதக்கும் ஆடை கிழியாமலும் அடியில் படிந்த வண்டல் கலங்காமலும் இடைப்பகுதியில் மதுவைத் தூவி விடுவார்கள். அடுக்குகள் நேர் செங்குத்தாக ஒன்றன்மேல் ஒன்று இருப்பதாகப் பார்வையாளர் எண்ணிக்கொள்வது வழக்கம். உண்மையில் ஒரே சொலேராவின் கிரியதேராக்கள் வேறு கூடத்தில்கூட இருக்கலாம்.

சொலேராவில் மிகப் பழைய மது ஒருபோதும் முற்றிலும் தீர்வதில்லை என்று சொல்லப்படுவது கணக்களவில் மெய். ஆயினும் கணக்கை முழுதும் போட்டுப் பார்ப்பதே நேர்மை. 500 லிட்டர் கொண்ட பீப்பாயில் ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கை எடுத்து நிரப்பி வந்தால், முதல் மதுவில் பத்தாண்டுகளுக்குப்பின் ஒன்பது லிட்டருக்கும் சற்றுக் குறைவாகவும், இருபதாண்டுகளுக்குப்பின் 150 மில்லிலிட்டரும், முப்பதாண்டுகளுக்குப்பின் அரைத் தேக்கரண்டியும் எஞ்சும். 1830களில் தொடங்கிய சொலேரா என்று சீட்டில் அச்சிடுவதால் அக்காலத்து மது கிண்ணத்தில் இருப்பதாகப் பெருமிதம் கொள்ள இடமில்லை. பெருமைக்குரிய எண் வேறு: மொத்த இருப்பை ஆண்டு விற்பனையால் வகுத்தால் கிடைப்பது சராசரி வயது. மூன்று அடுக்குகளிலிருந்து ஆண்டுக்கு ஓர் அடுக்கின் மூன்றில் ஒரு பங்கு வெளியேறினால் அது ஒன்பது ஆண்டு. நான்கு அடுக்குகளிலிருந்து பத்தில் ஒரு பங்கே வெளியேறினால் நாற்பது. 2000ஆம் ஆண்டில் வட்டாரக் கட்டுப்பாட்டு மன்றம் இருபது, முப்பது ஆண்டு முதிர்ச்சிக்குச் சான்றளிக்கத் தொடங்கியபோது இதே கணக்கையே அடிப்படையாக்கியது: முப்பதாண்டு முத்திரையோடு ஒரு லிட்டர் விற்க வேண்டுமானால் முப்பது லிட்டர் கூடத்தில் இருந்தாக வேண்டும். அதற்குமேல் சுவைஞர் குழுவின் ஒப்புதலும் கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்பும் உண்டு. நல்ல ஷெர்ரியின் விலை, ஆகையால், குடிக்கப்பட்டதற்கானது மட்டுமன்று; விற்காமல் விட்டுவைத்ததற்குமானது.

சுற்றுலாவில் இடையிடையே வரும் கதைகளையும் காட்சிகளையும் வேகமாகக் கடந்துவிடலாம். 1587இல் காதிஸ் துறைமுகத்தைச் சூறையாடிய பிரான்சிஸ் டிரேக் 2,900 பெரும்பீப்பாய் ஷெர்ரியை அள்ளிச் சென்றதால் இங்கிலாந்தில் இதற்கு மோகம் பரவியது என்பதும், ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப் இதைப் புகழ்ந்து மேடையில் நீண்ட உரை நிகழ்த்துகிறான் என்பதும் ஏறத்தாழ எல்லாக் கூடங்களிலும் கேட்கக்கூடியவை. கொன்ஸாலெஸ் பியாஸ் வளாகத்தில் இரும்பாலான வட்டக் கூடமாகிய 'லா கொன்சா' ஈஃபெலின் வடிவமைப்பு என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. அது சேவில் நகரத்து வார்ப்பாலையில் உருவானது என்பதே ஆய்வாளர் துணிபு, அதனால் அதன் அழகுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அங்கேயே ஒரு பீப்பாய் வரிசையின் காலடியில் இனிப்பு ஷெர்ரி நிறைந்த கிண்ணமும் அதன் விளிம்பில் சாய்த்த சின்னஞ்சிறு ஏணியும் வைத்திருக்கிறார்கள். எலிகள் ஏறிக் குடிப்பதற்காகவாம். அரசர்களும் நடிகர்களும் சுண்ணக்கட்டியால் ஒப்பமிட்ட பீப்பாய்களைவிட இந்த ஏணிக்கு முன் கூட்டம் கூடுதலாக நிற்கும். நிறுவனரின் தாய்மாமன் ஹோசே விரும்பிய வெளிர்மதுவே 'தியோ பெப்பே', அதாவது பெப்பே மாமா, என்னும் பெயரில் இன்றும் விற்பனையாகிறது என்னும் செய்தி இவற்றுள் பயனுள்ளது. கனத்த பழுப்பு மதுவையே இங்கிலாந்து கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், உள்ளூர்க்காரர் ஒருவரின் நாவு வெளிர்மதுவின் பக்கம் நின்றதற்கு அது சான்று.

பீப்பாயிலிருந்து நேரே மது எடுத்துத் தரும் 'வெனென்சியா' என்னும் கருவியை வேடிக்கை என்று ஒதுக்குவதற்கில்லை. நீண்டு வளைந்துகொடுக்கும் தண்டின் முனையில் ஒடுங்கிய உருளைக் குவளை. முற்காலத்தில் தண்டு திமிங்கிலத்தின் தாடைத் தகட்டாலும் குவளை வெள்ளியாலும் ஆனவை. சான்லூக்காரில் இன்றும் ஒரே மூங்கில் துண்டைச் சீவி இரண்டையும் ஒன்றாகச் செய்வார்கள். பீப்பாய் வாயின் வழியே சட்டென்று செங்குத்தாக இறக்கினால் குவளை ஃப்ளோரில் காசளவே துளையிட்டுச் சென்று தெளிந்த மதுவை மொண்டு வரும். துளை தானே மூடிக்கொள்ளும். அகன்ற கரண்டியால் இது ஆகாது. எடுத்தவர் கையைத் தலைக்குமேல் உயர்த்தி, இடுப்பளவில் மறுகையில் பிடித்த கிண்ணத்துக்குள் நூலிழையாக ஊற்றுவதில் பாதி வித்தை, பாதி பயன். காற்றில் நீண்டு விழும் மது மணத்தை விரித்துக்கொடுக்கும். திறமையை உயரத்தால் அளக்கும் பார்வையாளர்கள் கையொலி எழுப்பிக்கொண்டிருக்க, தேர்ந்த கை தெரிவது குவளை உள்ளே இறங்கும் அந்த ஒரு நொடியில்.

சுவைத்தலுக்கு ஏற்றது வாய் குறுகிய, மூன்றில் ஒரு பங்குக்குமேல் நிரப்பாத சிறு கிண்ணம். ஃபீனோவில் தொடங்குவது மரபு. சர்க்கரையும் கிளிசராலும் இன்மையால் அது நாக்கில் எங்கும் தங்காமல் ஒரு கோடுபோல் ஓடி, தொண்டையில் வாதுமைத் தோலின் மெல்லிய கசப்பை விட்டுச்செல்கிறது. இனிப்பை எதிர்பார்த்து வருவோர்க்கு முதல் மிடறு ஏமாற்றமாகவே இருக்கும், ஓர் ஊறவைத்த ஒலிவக்காயோடு இரண்டாவது மிடறு அவ்வேமாற்றத்தைப் போக்கிவிடும். வடிகட்டாமல் புட்டியில் அடைத்த 'என் ராமா' வகை கிடைத்தால் அதையே கேட்பது நலம். வழக்கமான வடிகட்டலில் இழக்கப்படும் பொன்னிறமும் ஈஸ்ட் மணமும் அதில் தங்கியிருக்கும். ஒலொரோசோ இதன் மறுமுனை: அக்ரூட்டும் பழைய மரமும் தோலும் மணக்கும் கருமஞ்சள் மது, வாயை நிறைக்கும் கனம், இனிப்பில்லாமலே இனிப்பின் சாயல். வறண்ட கூடத்தில் ஆல்கஹாலைவிட நீரே மரத்தின் வழியே விரைந்து வெளியேறுவதால் இது ஆண்டுக்காண்டு செறிந்துகொண்டே போகும். மிகப் பழையவற்றில் அச்செறிவு கசப்பும் துவர்ப்புமாக முறுகி, போற்றத்தக்கதாகவும் குடிக்கக் கடினமானதாகவும் ஆகிவிடுகிறது. முப்பதாண்டு முத்திரை எப்போதும் இன்பத்தின் அளவுகோல் அன்று.

இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள அமோந்தியாதோவே ஹெரேஸின் கலை முழுமை பெறும் இடம். ஃப்ளோரின் கீழ் வாழ்ந்த ஆண்டுகள் அதன் உடலை மெலிய வைத்துவிட்டன. காற்றோடு வாழ்ந்த ஆண்டுகள் அந்த மெலிந்த உடலின்மேல் வறுத்த கொட்டை, ஆரஞ்சுத் தோல், புகையிலை என மணங்களை அடுக்கின. முகரும்போது செழுமையும் சுவைக்கும்போது கூர்மையும் தந்து, மூக்கு சொன்னதை நாக்கு மறுக்கும் இந்த முரணை வேறு மது வட்டாரங்களில் எளிதில் காண இயலாது. நீந்துவதோடு ஃபீனோ, பறப்பதோடு அமோந்தியாதோ, ஓடுவதோடு ஒலொரோசோ என்று மீன், கோழி, இறைச்சி உணவுகளுக்கு இணை சொல்லும் உள்ளூர் வழக்கு நினைவில் நிற்கத் தக்கதே; ஆனால் பிற மதுக்களையெல்லாம் கெடுக்கும் கூனைப்பூவும் தண்ணீர்விட்டான் வகைத் தளிரும் அமோந்தியாதோவோடு இணங்கிப் போவதை அது விட்டுவிடுகிறது, மரக்கறி உண்போர்க்கு அதுவே பெரிய செய்தி.

வரிசையின் கடைசியில் வரும் 'பெத்ரோ ஹிமேனெஸ்' அதே பெயருடைய திராட்சையைக் கோரைப் பாய்களில் வெயிலில் உலர்த்திப் பிழிந்தது. லிட்டருக்கு 400 கிராம் அளவுக்கும் சர்க்கரை ஏறி, கிண்ணத்தின் சுவரில் கறுப்பாக வழியும் பாகு. உலர்திராட்சை, அத்திப்பழம், காப்பி ஆகியவற்றின் மணம் அதில் உண்மையாகவே உண்டு. குழந்தைகளுக்கும் புரியும் சுவை என்பதே அதன் பலமும் குறையும். பெரும்பாலான சுற்றுலாக்களில் மிகுதியாகப் பாராட்டப்படுவதும் வாசலருகேயுள்ள கடையில் மிகுதியாக விற்பதும் இதுவே. ஒலொரோசோவில் இதைக் கலந்து இங்கிலாந்துச் சந்தைக்கென வடித்த 'கிரீம்' ஷெர்ரி இருபதாம் நூற்றாண்டில் பெருவிற்பனை கண்டது. அதுவே பிற்காலத்தில் ஷெர்ரி என்றால் பாட்டிமார் அலமாரியில் இருக்கும் இனிப்பு மது என்னும் எண்ணத்தை ஊன்றி, உலர்சுவை வகைகளுக்கும் சேர்த்துக் கேடு செய்தது. 1970களின் உச்சத்திற்குப்பின் விற்பனை வீழ்ந்து, கொடிநிலங்கள் சுருங்கி, பல கூடங்கள் கைமாறின. சில நூலகமாகவும் விடுதியாகவும் வாகன நிறுத்தமாகவும் மாறிவிட்டன. இன்று ஹெரேஸின் பீப்பாய்ப் பட்டறைகளுக்குப் பெரும் வேலை கொடுப்பது ஸ்காட்லாந்து விஸ்கித் தொழில். அதற்கென ஓராண்டு ஈராண்டு ஷெர்ரி ஊற்றிப் பக்குவப்படுத்தி அனுப்பும் புதுப் பீப்பாய்களுக்கும், சொலேராவில் நூறாண்டு நின்று வாசனை அடங்கிய பீப்பாய்களுக்கும் மரம் ஒன்றே தவிர வேறு உறவில்லை.

கூடத்தில் சுவைத்ததை வீட்டில் எதிர்பார்ப்பவர் வாங்கும்போது ஒன்றைக் கருத வேண்டும். காற்றோடு வாழ்ந்து பழகிய ஒலொரோசோ, திறந்த பின்னும் பல வாரங்கள் தன் குணம் மாறாது. ஃபீனோவும் மன்ஸானியாவும் அப்படியல்ல. போர்வையை இழந்து புட்டிக்குள் வந்தவை, திறந்ததும் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் குடித்து முடிக்க வேண்டியவை. அரைப் புட்டிகளில் அவற்றை விற்கும் வழக்கம் அதனாலேயே வந்தது. விலைப்பட்டியலில் அரைப் புட்டி சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும், தேர்ந்தவர்கள் அதையே எடுக்கிறார்கள்.